ஓயாத உதடு

உம்மா சோற்றுப் பீங்கானைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். பீங்கான் தரையில் முட்டிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

றிபா நிமிர்ந்து பார்த்தாள். உம்மா ஸைனம்பு எப்போதும்போலத்தான் இருந்தாள். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு வாயாவது தின்னச் சொன்னாள். அந்தச் சொல்லும் அவளுடைய வாய் மூடிய பிறகே றிபாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. மருதமுனையின் உச்சி வெயில் யன்னலில் கட்டியிருந்த வெள்ளைச் சீலையில் விழுந்து அறை முழுக்க வெளிறிய ஒரு வெளிச்சத்தைப் பரப்பியிருந்தது. பக்கத்து வளவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கமிருந்து கருவாட்டு வாடையும், அடுப்படியிலிருந்து தாளித்த கறிவேப்பிலை வாசமும், இரண்டுக்கும் நடுவே எரிந்த றப்பரின் நாற்றம் ஒன்றும், எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாதபடி வந்துகொண்டிருந்தன. நித்திரை இல்லாத தலை அப்படித்தான் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்துப் பத்தொன்பது நாள். யாருக்குத்தான் தலை நேராக நிற்கும்?

முபீன் நெல் ஏற்றப் போன வழியில் டிப்பர் ஒன்றில் அடிபட்டு மவுத்தானான். அன்றிலிருந்து றிபா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுப்போடு, நகையும் வாசனையும் இல்லாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல், வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அரசாங்கமே அதற்கென்று லீவு கொடுக்கிறது. அவள் அரசாங்க உத்தியோகக்காரிதான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடமாக ஊராரின் இரத்தத்தையும் சளியையும் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்தவள். வீடு அவளுடைய சீதன வீடு. வாப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம், கூடப் பிறந்த ஒரே காக்கா கட்டாரில். உம்மா, தங்கச்சி நுஸ்ஹா, மூன்று வயது மகள் அம்னா, றிபா என்று நாலு பெண்களோடு வீடு ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் ஒன்று வந்தது. தலையிடி மண்டையைப் பிளந்தது. உம்மா பனடோல் கொடுத்தாள், மல்லி அவித்துக் கொடுத்தாள், நாலாம் நாள் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது நித்திரையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

யன்னலுக்கு வெளியே ஒழுங்கை. இத்தாவில் இருக்கிறவளை வெளி ஆண்கள் கண்டுவிடக் கூடாது என்றுதான் சீலையைக் கட்டினார்கள், ஆனால் வெளியே போகிறவர்களின் நிழல் அதில் விழுந்து விழுந்து போனது. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஆட்டோ போகும், மீன்பெட்டி கட்டிய சைக்கிள் போகும், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் குடைகளோடு போவார்கள். சீலையில் எல்லாம் சாம்பல் நிறத்தில் நீண்டும் குறுகியும் நகரும். நகர்கிற வரைக்கும் அது ஒரு பொழுதுபோக்காகத்தான் இருந்தது. இருபத்திரண்டாம் நாள், மத்தியான லுஹர் பாங்கு சொல்லி முடிந்த கையோடு ஒரு நிழல் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்த தோள். அந்தத் தோளில் தலை வைத்து ஐந்து வருடம் தூங்கியவளுக்கு அது யாருடைய நிழல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. றிபா காவலுக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதினாள், நடுவில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓதினாள், தறி ஓடும் சத்தம் அவள் ஓதுவதைப் பிந்திப் பிந்தித் திருப்பிச் சொன்னது. எழுந்துபோய்ச் சீலையை விலக்கினாள். ஒழுங்கையில் யாருமில்லை. சீலையை விட்டாள். நிழல் அதே இடத்தில் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பெரியநீலாவணைப் பிள்ளையின் ஞாபகம் வந்தது.

போன வருடம் நடந்த கதை. பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை. தன் அண்ணன் தனுசன் தன் அண்ணனே இல்லை, வேறு யாரோ அவனுடைய தோலைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பைத்தியம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வார்டுக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர் ஒருவர் மட்டும் மனசு கேட்காமல் முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்து அனுப்பினார். அந்தக் குழாயைக் கையில் வாங்கியவள் றிபா. நீர் தெளிவாகத்தான் இருந்தது. நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தால், இருக்கக் கூடாத வெள்ளைக் கலங்கள். மிச்சத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வந்தபோது அதைப் பிரித்து அவளுக்கு விளங்கப்படுத்தியவர் கூட வேலை செய்யும் நல்லரெத்தினம். பாண்டிருப்புக்காரர், பென்சனுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர், அவளுக்கு வேலை பழக்கியவர். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி திசைமாறித் தன் மூளையையே கடிக்கத் தொடங்கிவிடுகிறது, மூளை அழன்று வீங்குகிறது, பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியமாகத் தெரிகிறது என்றார். எல்லாப் பைத்தியமும் அப்படியில்லை, சிலது அப்படித்தான். நேரத்தோடு பிடித்தால் மருந்து இருக்கிறது, பிந்தினால் ஆள் தப்பாது. வார்டுக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றையும் தின்னாமலே மென்றுகொண்டிருந்த அவளுடைய வாயைப் பற்றிச் சொன்னார். "அந்த வாய நான் சாகுமட்டும் மறக்க மாட்டன் தங்கச்சி," என்றார்.

அந்தப் பிள்ளை தப்பிக்கொண்டது. ஐந்து மாதம் கழித்துத் தாயோடு வந்து ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தது. றிபா இரண்டு தின்றாள்.

இவ்வளவும் தெரிந்தவள் அந்த நிமிஷமே வாயைத் திறந்து கத்தியிருக்க வேண்டாமா என்று கேட்டால், கத்தியிருக்கத்தான் வேண்டும். உம்மா வரட்டும் சொல்லுவோம் என்று காத்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு உம்மா தேத்தண்ணியோடு வந்தாள். மூக்கு உம்மாவின் மூக்கு. இடது புருவத்துத் தழும்பு இருந்தது, முன்பல் இடைவெளி இருந்தது, குரலும் அச்சொட்டாக அதே குரல். ஆனால் அந்த முகத்துக்குள் உம்மா இல்லை. யாரோ ஒருத்தி உம்மாவின் முகத்தைச் சரியாகப் படித்துக்கொண்டு வந்து, பிழை விட்டுவிடக் கூடாதே என்று கவனமாகச் சிரித்தாள். தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிய கை ஒரு சொட்டும் நடுங்கவில்லை. உம்மாவின் கை நடுங்கும், சீனி வருத்தக்காரி. இது மூளை செய்கிற வேலை றிபா, இது வருத்தம், சொல்லு, இப்போதே சொல்லு என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். இவளிடம் சொன்னால் கதை முடிந்தது என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேருடைய குரலும் றிபாவுடையதாகத்தான் இருந்தது. அவள் தேத்தண்ணியைக் குடிக்காமல் யன்னலடியில் ஊற்றினாள்.

அடுத்த நாள் நல்லரெத்தினத்துக்குப் போனில் எழுதினாள். 'அந்தப் பிள்ளைக்கு வந்தது எனக்கு' என்று எழுதி முடித்து, அனுப்புவதற்கு விரலை வைக்கும்போது, போனின் கறுத்த கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ தன்னை வாசிப்பது தெரிந்தது. போனைக் கொண்டுபோய்க் குளியலறை வாளித் தண்ணீருக்குள் போட்டாள். கைதவறி விழுந்துவிட்டதென்று நுஸ்ஹா நினைத்துக்கொண்டாள். இத்தாவில் இருக்கிறவளுக்குப் போன் எதற்கு, இதுவும் நல்லதுக்குத்தான் என்று உம்மா சொன்னாள். அந்தப் பாவி மனுசி மேல் கோபப்பட முடியாது. தாலாட்டிய கையாலேதான் எல்லாம் செய்தாள்.

முப்பத்தோராம் நாள் காலையில், எப்படியென்று தெரியாது, மூடிக்கிடந்தது விலகியது. நுஸ்ஹா கூந்தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் அவளுடைய விரலாகவே இருந்தது, வாசல் பக்கம் அம்னா பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது. றிபா தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்தாள். நாக்கு தடித்துப்போய் ஒவ்வொரு சொல்லையும் பாறையைப் புரட்டுவது போலப் புரட்டித்தான் வெளியே தள்ள வேண்டியிருந்தது.

"நுஸ்ஹா, என்ட மூள வீங்குது. என்ன ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போ. இண்டைக்கே."

நுஸ்ஹாவுக்கு இருபத்திரண்டு வயது. பயந்துபோய் உம்மாவிடம் ஓடினாள். உம்மா வந்தாள், மகளைக் கட்டிப்பிடித்தாள், அழுதாள். அன்று அது உம்மாவேதான், மருதோன்றி வைத்த நகமும் வெற்றிலை வாசமுமாக அசல் உம்மா. அதுதான் கொடுமை.

"மவுத்து நடந்த ஊட்டுல ஆருக்கு மகள் தல நோகல்ல? இத்தாக்குள்ள வாசலத் தாண்டினா ஊரு வாயில விழுந்திருவம். ஒரு கிழம பாப்பம், அல்லாஹ் லேசாக்குவான்."

மார்க்கம் ஒன்றும் தடுக்கவில்லை. நோயாளி இத்தாவிலும் வைத்தியரிடம் போகலாமென்று எந்த மௌலவியிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார். கேட்க வேண்டுமே. நோயாளி என்று நினைத்தால்தானே கேட்பார்கள்? அவர்கள் கண்ணுக்கு அவள் துக்கக்காரி. றிபா மறுபடி வாயைத் திறந்தாள், சொல் தொண்டை வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. மூன்று நாளில் சொல் வருவதும் நின்றுபோனது. வாய் இருந்த நாட்களில் அவர்களை நம்ப முடியவில்லை. நம்பிக்கை வந்த நாளில் வாய் போய்விட்டது.

சில பேருக்கு இந்த வருத்தம் கூச்சலாக வரும், உடுப்பைக் கிழித்துக்கொண்டு ஓட வைக்கும். றிபாவுக்கு அப்படி வந்திருந்தால் ஜின் என்று சொல்லியாவது நாலு பேரைக் கூட்டியிருப்பார்கள், அந்த நாலு பேரில் ஒருவராவது இது டொக்டரிடம் போக வேண்டிய காரியம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது அமைதியாக வந்தது. இருத்திய இடத்தில் இருந்தாள். சாய்த்தால் சாய்ந்தாள். உம்மா கை கால் கழுவி வுழூச் செய்வித்து முசல்லாப் பாயில் கொண்டுபோய் இருத்திக் கையைக் கட்டிவிட்டால், கட்டிய கை கட்டியபடியே கிடந்தது. இருந்துகொண்டே தொழுகிறாள் என்று உம்மா சொன்னாள். முன்பெல்லாம் வேலை வேலை என்று தொழுகையை நேரம் தப்பவிட்டுக் கழா ஆக்கிய பிள்ளை, பாருங்கள், அல்லாஹ் எவ்வளவு பொறுமையை, சபூரைக் கொடுத்துவிட்டான் என்று கட்டாருக்கு வொய்ஸ் அனுப்பினாள்.

உள்ளே றிபா முழுதாக விழித்திருந்தாள். அதை யாரும் அறியவில்லை. கால் மரத்துப்போனது தெரிந்தது, கன்னத்தில் இலையான் வந்து உட்கார்ந்து கண் பீளையை மொய்ப்பது தெரிந்தது, அதைத் துரத்தச் சொல்லிக் கைக்கு உத்தரவு போட்டால் கை வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

முப்பத்தாறாம் நாள் வாய் தொடங்கியது.

முதலில் கீழுதட்டில் ஒரு துடிப்பு. பிறகு தாடை. அவள் சொல்லாமலே வாய் திறந்து மூடியது, நாக்கு பல்லுக்குப் பின்னால் சுழன்று உதட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது, உதடுகள் குவிந்து விரிந்தன. மென்றது. ஒன்றுமில்லாததை மென்றது. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. அதைக் கேட்டுவிட்டுப் புறப்பட்டதைப் போல வலது கை விரல்களும் தொடங்கின. பெருவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. இந்த வாயை அவளுக்குத் தெரியும். கண்ணால் காணாவிட்டாலும் காதால் கேட்டவள். இதோ வந்துவிட்டது, இதைப் பார்த்தாலாவது பதறுவார்கள், தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

உம்மா கதவடியில் வந்து நின்றாள். மகளின் உதட்டைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"சுபுஹானல்லாஹ்," என்றாள் உம்மா, கண் கலங்கி. "தஸ்பீஹ் மணி கூட இல்லாம, விரல்ல எண்ணி எண்ணி அல்லாஹ்ட பேரச் சொல்லித் திக்ர் செய்யிறா என்ட புள்ள."

அன்றிலிருந்து அந்த அறைக்குள் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கதவைச் சாத்தினால்கூட மெதுவாகச் சாத்தினார்கள். சோறு கொண்டு வந்தால் அவள் திக்ரை முடிக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்கள், முடிந்தால்தானே. சோறு காய்ந்தது. நுஸ்ஹாதான் பின்னேரங்களில் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். பாதி வழிந்தது. நுஸ்ஹா ஒரு முறை கரண்டியை வைத்துவிட்டு, "உம்மா, ராத்தாட கண்ணப் பாருங்களன், என்னமோ மாதிரி இரிக்கி," என்றாள். உலகத்தை, இந்தத் துனியாவை விட்டுவிட்ட கண் அப்படித்தான் இருக்கும் என்று உம்மா சொன்னாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் பின்னேரம் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அந்த என்ஜினின் இருமலை றிபா ஒன்பது வருடம் கேட்டிருக்கிறாள்.

நல்லரெத்தினம் இத்தா லீவுப் பத்திரத்தோடு வந்திருந்தார். ஒரு கையெழுத்து விடுபட்டுப் போய்விட்டதாம். தபாலில் அனுப்பினால் பிந்தும், சம்பளம் நின்றுவிடும் என்று தானே எடுத்து வந்திருக்கிறார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. இத்தா வீட்டு முறை அவருக்குத் தெரியும். யன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் போய் நின்றுகொண்டார். வெயில் சாய்ந்திருந்ததால் அவருடைய நிழல் அப்படியே வெள்ளைச் சீலையில் வந்து விழுந்தது. இடையில் ஒரு துணி. நாலு அடி தூரம்.

நுஸ்ஹா பத்திரத்தை மடியில் வைத்துப் பேனையை விரலுக்குள் செருகினாள்.

அவள் உடம்பில் மிச்சமிருந்த அத்தனையையும் அந்த விரலுக்கு அனுப்பினாள். கையெழுத்து வேண்டாம். ஒரு சொல். 'மூளை'. ஒரு எழுத்துப் போதும், மற்றதை அவர் கண்டுபிடிப்பார். பேனை கடுதாசியில் ஊன்றியது. அசைந்தது. ஒரு கோடு. கோடு நிற்காமல் கட்டங்களைத் தாண்டி, கடுதாசியைத் தாண்டி, வெள்ளை உடுப்பின் மேல் நீண்டு போனது. அந்தக் கோடாவது வெளியே போகட்டும் என்று அவள் இரந்தாள். அதைக் கண்டால் அவருக்கு விளங்கும்.

"கை நடுங்குது சேர், பழுதாப் போச்சி," என்று நுஸ்ஹா யன்னலுக்குச் சொன்னாள்.

"பரவாயில்ல மகள். ரெண்டு கொப்பி கொண்டு வந்தனான்," என்றது நிழல்.

எதையும் இரண்டாகச் செய்கிற மனிதர். ஆய்வுகூடத்தில் ஒரு இரத்தத்தை இரண்டு தரம் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டார். சீலையின் ஓரத்தால் இரண்டாவது பத்திரம் உள்ளே வந்தது. நுஸ்ஹா அதில் ராத்தாவின் கையெழுத்தைத் தானே அழகாகப் போட்டாள். பழுதானதைக் கசக்கிக் கட்டிலடியில் போட்டாள்.

வாய் மென்றுகொண்டிருந்தது. எச்சில் சத்தம். சப், சப் என்று. அறை அமைதியாக இருந்தபடியால் அது யன்னலைத் தாண்டியது. நிழலின் தலை திரும்பியது.

"அது என்ன சத்தம் உம்மா?"

"மகள்தான் சேர். ராப்பகலாத் திக்ர். வாய் ஓயிற இல்ல," என்றாள் கதவடியில் நின்ற உம்மா.

நிழல் அசையவில்லை. றிபா அதையே பார்த்தாள். கேளுங்கள் சேர். நாக்கு சுழல்கிறதா என்று கேளுங்கள். கண் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு கேள்வி. நிழலின் கை சீலையை நோக்கி எழும்பியது. துணியின் ஓரத்தில் நாலு விரல் தெரிந்தது. நல்லரெத்தினத்தின் விரல், கறை பிடித்த நகம். துணியை விலக்க ஒரு நொடி போதும்.

அந்நிய வீட்டுப் பெண். இத்தாவில் இருக்கிறவள். அல்லாஹ்வின் பேரை ஓதிக்கொண்டிருக்கிறாள் என்று தாயே சொல்கிறாள். வேறு மார்க்கத்துத் தமிழன் ஒருவன் இதற்கு மேல் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

விரல்கள் போய்விட்டன.

"கடவுள் பொறுமயக் குடுத்திரிக்கார்," என்றார் நல்லரெத்தினம். குரல் அவருக்கே நம்பிக்கை இல்லாதது போல இறங்கியது. செருப்புச் சத்தம் போனது. என்ஜின் இரண்டு தரம் இருமியது. கேற்றடியில் வெகுநேரம் நின்று இரைந்தது. பிறகு அதுவும் போனது.

சபூர்காரி என்று ஊரில் பேச்சுப் பரவியது. முதலில் பக்கத்து வளவுப் பெண்கள் வந்தார்கள். அன்று உம்மா அவளுடைய இரண்டு கையையும் துஆவுக்கு ஏந்திவிட்டுப் போயிருந்தாள், வந்தவர்களோடு கதையில் இருந்துவிட்டாள். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால், கை ஏந்தியபடியே அந்தரத்தில் நின்றது. ஒரு பெண் விம்மி அழுதாள். இரண்டு மணித்தியாலம் ஏந்திய கை. எந்த மனுசியால் ஏலும்? றிபாவின் தோள்மூட்டில் நெருப்புப் பிடித்து எரிந்தது. ஒருத்தி குனிந்து அந்தக் கையை முத்தமிட்டாள்.

பிறகு நற்பிட்டிமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வந்தார்கள். யார் தொடங்கியதென்று தெரியாது, ஒருத்தி தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் திறந்து அந்த உதட்டடியில் பிடித்தாள். திக்ர் செய்கிற மூச்சுப் பட்டால் போதுமாம். மௌலவிமார் கேள்விப்பட்டால் ஏசுவார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள், சொல்லிவிட்டுத் தன் போத்தலையும் திறந்தாள். நுஸ்ஹா மட்டும் மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். இத்தா முடியட்டும், முடிந்த அன்றைக்கே ராத்தாவை ஒரு டொக்டரிடம் காட்டுவோம் என்று உம்மாவின் காதுக்குள் சொன்னாள். உம்மா தலையாட்டினாள். இன்னும் எழுபத்திரண்டு நாள்.

ஐம்பத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்திருந்தது. அறை நிறைந்து, கூடத்தில் நிறைந்து, பெண்கள். வியர்வை. சாம்பிராணி. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. கை ஏந்தியிருந்தது. உதடு மென்றது.

போத்தல் ஒன்று வந்தது. வாயடியில் நின்றது. எச்சில் ஒரு சொட்டு நூலாக இறங்கித் தண்ணீரில் விழுந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மிடறு குடித்தாள்.

அடுத்த போத்தல்.

அப்போதுதான் றிபாவுக்கு அது தெரிந்தது. நெஞ்சு எழும்பவில்லை. விட்ட மூச்சு போய்விட்டது. எடுக்க வேண்டிய மூச்சு வரவில்லை. இழு என்றாள். நெஞ்சுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. இழு. இழு. போன மூச்சு எங்கே? காதுக்குள் கடல் இரைந்தது. ஓரத்திலிருந்து வெளிச்சம் கறுத்து வந்தது.

உதடு மென்றது. நாக்கு சுழன்றது. விரல் எண்ணியது.

யாரும் நெஞ்சைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாயைப் பார்த்தார்கள்.

அடுத்த போத்தல். மூச்சில்லாத வாய்க்கடியில் நின்றது. போனது. நுஸ்ஹா எட்டிப் பார்த்தாள், கூட்டம் மறைத்தது. உம்மா அழுதுகொண்டே துஆக் கேட்டாள், அறை முழுக்க ஆமீன் சொன்னது. அம்னா பெண்களின் கால்களுக்குள்ளால் நுழைந்து வந்தது. கையில் அதனுடைய மஞ்சள் தண்ணிப் போத்தல், மூடியைப் பல்லால் கடித்துத் திறந்திருந்தது. யாரோ பிள்ளையைத் தூக்கி முன்னால் நிறுத்தினார்கள்.

"எனக்கும் ஊது உம்மா," என்றது.

போத்தலை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, பிள்ளை காத்துக்கொண்டு நின்றது. நீலம் பாரித்த உதடுகள் போத்தல் விளிம்பில் திறந்து மூடின, திறந்து மூடின. பின்னால் பெண்கள் ஆமீன் சொன்னார்கள்.